கோட்டுக்கு வெளியே தனியே நின்றவளுக்கு

மகளுக்கு,

இணுவிலில் உள்ள நமது வீட்டில் காலைத் தேநீர் குடிக்கும் நேரம் ஆறு மணியிலிருந்து ஐந்தே காலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்பதை முறைப்படி உனக்கு அறியத் தருகிறேன். முப்பத்திரண்டு வருட இல்லற வாழ்வில் இந்த நேரம் மாறுவது இதுவே முதல் தடவை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும், எந்த ஊரில் யாருடைய அடுப்பை மூட்டினாலும், ஆறு மணிக்கே மூட்டினேன். தீர்மானம் போன மார்கழியில் குசினியில் வைத்து எடுக்கப்பட்டது. நான் முன்மொழிந்தேன். உன் அப்பா நித்திரையில் இருந்தபடியால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. பால் கொண்டுவருகிறவருக்கு அறிவித்தேன். கோழிகள் தாமாகவே தெரிந்துகொண்டன.

காரணம் நீதான். கார்த்திகையில் இரண்டு நாள் லீவில் வந்தாயல்லவா, அன்று வளவின் கிழக்குப் பக்கத்தில் மேசன் சின்னராசா முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். நீ பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“உதென்னம்மா?” என்றாய்.

“உன்ரை வீடு.”

“எனக்கு வீடு முல்லைத்தீவிலை இருக்கு.”

“அது வாடகை வீடு. அதை வீடெண்டு சொல்லப்படாது.”

“நான் வேலை செய்யிறது அங்கை. நான் கட்டப்போறவர் படிப்பிக்கிறதும் அங்கை. கலியாணம் முடிச்சு ரெண்டு பேரும் இஞ்சை வந்திருந்து என்ன செய்யிறது? உங்கடை கோழியளுக்கு ஊசி போடுறதோ?”

“போட்டால் என்ன, நீ மிருக டொக்டர்தானே” என்றேன். சின்னராசா முளையைப் பார்த்துச் சிரித்தார். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெண்பிள்ளைக்குத் தாயின் வளவுக்குள் வீடு கட்டிக் கொடுப்பதும், கட்டின பிறகு அவள் தாய்க்குக் கிட்ட இருப்பதும் எங்கள் பக்கத்து முறை என்றும், எனக்கும் அப்படித்தான் கிடைத்தது என்றும், உன் குசினி யன்னலும் என் குசினி யன்னலும் நேருக்கு நேர் வரும்படி நானே படம் கீறிக் கொடுத்திருக்கிறேன் என்றும் விளங்கப்படுத்தினேன். யன்னலைப் பற்றிச் சொன்னதும் உன் முகம் போன போக்கை நான் கவனித்தேன். ஆனால் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

“கிட்ட வா, கிட்ட வா, கிட்ட வா” என்றாய். “பள்ளிக்கூடத்திலையும் உதைத்தானே சொன்னனீங்கள். அப்பவும் பிழை, இப்பவும் பிழை. இப்ப அமெரிக்காவிலை எப்பிடி பாஸ்கெற்போல் விளையாடுகினம் எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.”

இரண்டு நாள் லீவுக்கு வந்தவள் அன்று பின்னேரமே பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு நீ எடுக்கிற அழைப்பெல்லாம் அப்பாவின் கைத்தொலைபேசிக்குத்தான் வருகிறது. “அம்மா சுகமோ?” என்று நீ கேட்பதும், “ஓம், பக்கத்திலைதான் நிக்கிறா” என்று அவர் சொல்வதும், உடனே ஒரு மாட்டுக்குக் கன்று வருகிறது என்று நீ அழைப்பை வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தில் இந்த இரண்டு மாதத்தில் பிறந்த கன்றுகளின் தொகையை வைத்துப் பார்த்தால் நாட்டில் பால்மா இறக்குமதி அடுத்த வருடம் நின்றுவிட வேண்டும்.

கணித ஆசிரியை ஒருத்தியை ஆதாரமில்லாமல் பிழை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எனவே நீ சொன்னபடியே பார்ப்பது, பார்த்து நீ பிழை என்று நிறுவுவது, நிறுவியதை உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது என்று முடிவு செய்தேன். அமெரிக்காவில் தொழிலாக விளையாடுகிறவர்கள் இரவு ஆட்டத்தைத் தொடங்கும்போது எங்களுக்கு விடிகாலை ஐந்தரை. அதனால்தான் தேநீர் முன்னுக்குப் போனது. எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். மார்கழி தொடக்கம் நீ விட்டுவிட்டுப் போன பழைய டப்லெற்றை மேசையில் சாய்த்து வைத்து, யார் எங்கிருந்து எறிந்தார், விழுந்ததா இல்லையா என்று குறித்து வருகிறேன். கொப்பி முடிந்து இரண்டாவது ஓடுகிறது. முடிவைச் சொல்ல முன் வழிமுறையைச் சொல்ல வேண்டும் என்று உன்னையும் உன்னோடு படித்தவர்களையும் வருத்தியவள் நான். ஆகவே வழிமுறை முதலில்.

அவர்கள் இப்போது இவ்வளவு புள்ளிகளைக் குவிப்பதற்கு முதற்காரணம் எட்டாம் வகுப்புக் கணக்கு. வளையத்தைச் சுற்றித் தூரத்தில் ஒரு வில்வளைவுக் கோடு இருக்கிறது. அதற்கு உள்ளே நின்று போட்டால் இரண்டு புள்ளி, வெளியே நின்று போட்டால் மூன்று. கோட்டுக்குச் சற்று உள்ளே, கிட்டவுமில்லாமல் தூரவுமில்லாமல் நின்று நூறு தடவை எறிந்து நாற்பது விழுகிறது என்று வைத்துக்கொள். எண்பது புள்ளி. அதே ஆள் ஓரடி பின்னால் போய் எறிந்து, தூரம் கூடியதால் முப்பத்தாறு மட்டும் விழுந்தாலும் நூற்றெட்டுப் புள்ளி. இதில் விளங்காமல் போவதற்கு எதுவுமில்லை. ஆனாலும் கோடு கீறிப் பல வருடங்களாக அந்த நடுத்தூரத்தில் நின்றே உலகம் முழுவதும் எறிந்துகொண்டிருந்தது. அங்கே நின்று எறிவது பார்வைக்கு மரியாதையாக இருக்கும். வளையத்துக்குக் கீழே இடிபடவும் தேவையில்லை, தூரத்தில் நின்று தவறவிட்டுச் சிரிப்புக்கிடமாகவும் தேவையில்லை. நடுத்தூரம் என்பது ஓய்வூதியமுள்ள எறிகை. எங்கள் ஊரில் அதற்கு எவ்வளவு மதிப்பிருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இப்போது விளையாடுகிறவர்கள் அந்த இடத்தைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். ஒன்றில் வளையத்துக்கு அடியில் போடுகிறார்கள், அல்லது கோட்டுக்கு வெளியே நின்று போடுகிறார்கள்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று கொப்பியை மூடிவைத்துவிட்டு முற்றம் கூட்டினேன். ஏற்கனவே கூட்டிய முற்றம்.

இரண்டாவது காரணம் எனக்கு உடனே பிடிபடவில்லை. உன் அப்பாதான் கண்டுபிடித்தார், தான் கண்டுபிடித்தது தெரியாமல். விடியப்புறச் சத்தத்தில் நித்திரை குழம்பி அவரும் வந்து பக்கத்தில் இருக்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு நாள் கேட்டார்:

“இஞ்சேர், உந்தப் பெடியன் ஏன் மூலையிலை சும்மா நிக்கிறான்? பந்துக்கும் போறானில்லை, ஓடுறானுமில்லை. சம்பளம் குடுக்கிறவைக்கு உது தெரியுமோ?”

நானும் பார்த்தேன். உண்மையில் சும்மாதான் நின்றான். ஆனால் அவன் அங்கே நிற்கிறபடியால், அவனை மறிக்க வேண்டியவனும் வளையத்தடியை விட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. மற்ற மூலையிலும் அப்படியே. முன்பெல்லாம் மலைபோல வளையத்துக்குக் கீழே நின்ற உயரமானவர்கள்கூட இப்போது தூரத்திலிருந்து எறியப் பழகிவிட்டார்கள். அதனால் அவர்களை மறிக்கிற உயரமானவர்களும் வெளியே வந்துவிடுகிறார்கள். நடுவில் விறாந்தைபோல ஒரு வெளி திறக்கிறது. பந்து வைத்திருப்பவன் அதற்குள்ளால் நடந்து போய்ப் போடுகிறான். தூரத்தில் நிற்பவர்களால் கிட்டப் போடுவதும் இலகுவாகிவிட்டது. சும்மா நிற்பதுதான் அவன் செய்கிற உதவி.

“சும்மா நிக்கேல்லையப்பா. தான் விலத்தி நிண்டு மற்றவனுக்கு வழி விடுறான்” என்றேன்.

“அப்ப நானும் இந்த வீட்டிலை முப்பது வருசமாய் அதைத்தான் செய்யிறன்” என்றார் அப்பா.

வேறு காரணங்களும் கொப்பியில் உண்டு. மறிக்கிறவர் கையால் பிடித்து நிறுத்துவதை இப்போது மத்தியஸ்தர்கள் முன்போல விடுவதில்லை. எதிரணியில் மறிக்கத் தெரியாத ஆள் யார் என்று தேடிப்பிடித்து, அவர் முன்னாலேயே பந்தைக் கொண்டுபோய் வைக்கிற இரக்கமில்லாத பழக்கமும் வந்திருக்கிறது. ஒவ்வொரு எறிகையும் எண்ணப்பட்டு, எண்ணியவர் சொல்வதை விளையாடுகிறவர் கேட்கிறார். என் கணித வாழ்க்கையில் நான் காணாத காட்சி அது. எல்லா அணிகளும் ஒரே மாதிரி விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எல்லோரும் ஒரே ரியூற்றறியில் ஒரே நோட்ஸ் எடுத்தவர்கள்போல இருக்கிறார்கள். இருந்தாலும் உதவி என்பது விலகி நிற்பது என்ற அந்த ஒரு விஷயத்தைத்தான் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

ஏனென்றால் நாங்கள் உதவி செய்கிற விதம் உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தபோது அவருடைய கட்டிலைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றோம். எல்லோரும் அன்பானவர்கள். நாலு பேர் இடியப்பம் கொண்டுவந்திருந்தார்கள். ஊசியோடு வந்த தாதி கட்டிலடிக்கு வர முடியாமல் பெரியமாமாவின் தோளுக்கு மேலால், “நோயாளி ஆர் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். அப்பாதான் படுத்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினார். உயர்தரச் சோதனையில் உனக்கு மிருக வைத்தியம் கிடைத்தபோது, மனித வைத்தியத்துக்கு இன்னொரு முறை எழுது என்று ஒரு மாதமாக உன் மேசையைச் சுற்றி நின்றவர்களில் முதலாவது ஆள் நான். அதையும் உதவி என்றுதான் நினைத்தேன்.

இனி உன் பள்ளிக்கூடத்து அந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். பதினொரு வருடமாக நாம் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

விளையாட்டு ஆசிரியை மாற்றலாகிப் போனபோது, பெண்கள் அணிக்குப் பொறுப்பு யார் என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் சுற்றிப் பார்த்தார். நான் உயரமாக இருந்தேன். அதுவே தகுதி. விதிப் புத்தகத்தை வாசித்துவிட்டு வந்து, மைதானத்தில் நீ என்னை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மா என்று கூப்பிடக்கூடாது என்றேன். அதோடு கோட்டுக்கு வெளியே நின்று எறிவது ஒழுக்கக்கேடு என்றும் ஒரு விதியை நானே சேர்த்தேன். எங்கள் அணியில் அந்த ஒழுக்கக்கேடு இருந்தது உனக்கு மட்டும்தான். நீ பாடசாலை விட்ட பிறகு தனியே நின்று அந்தத் தூரத்திலிருந்து எறிந்து பழகுவதை மாடி யன்னலால் பார்த்திருக்கிறேன். பத்துக்கு நாலு, சில நாள் ஐந்து விழும். எண்ணியிருக்கிறேன். எண்ணிவிட்டு அடுத்த நாள் உன்னைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விட்டேன்.

இறுதி ஆட்டம். முப்பத்தொன்றுக்கு முப்பத்து நாலு, நாங்கள் பின்னுக்கு. பத்து வினாடி மிச்சம். எங்கள் உயரமான பிள்ளை தர்சினி வளையத்துக்குக் கீழே நிற்கிறாள், நான் பழக்கியபடியே எங்கள் அணியில் இன்னும் இரண்டு பேர் அவளோடு போய் நிற்கிறார்கள், அவர்களோடு எதிரணி முழுக்க நிற்கிறது. சந்தைக்குள் நிற்பதுபோல. நீ வலது மூலையில், கோட்டுக்கு வெளியே, தனியே. பந்து உன் கைக்கு வந்தது. உன்னைச் சுற்றி யாருமில்லை. நீ எறியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்க்கும்படி பழக்கியதும் நான்தான்.

“கிட்டப் போய்ப் போடு, பிள்ளை! கிட்டப் போ!” என்று கத்தினேன்.

நீ இரண்டடி உள்ளே வந்தாய். போட்டாய். வளையத்தில் படாமலே உள்ளே விழுந்தது. விசில் ஊதியது. முப்பத்து மூன்றுக்கு முப்பத்து நாலு. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒன்று மிஞ்சும் என்பதை அப்போது நான் இருபத்திரண்டு வருடமாகக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் எழும்பி நின்று கைதட்டினேன்.

திரும்பி வரும்போது வாகனத்தில், “நல்லாப் போட்டாய்” என்றேன். “ஓம் ரீச்சர்” என்றாய். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் ரீச்சர் என்றே கூப்பிட்டாய். அப்பா உனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தோற்றது எதனால் என்று ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கெல்லாம், தர்சினி நாலு தண்ட எறிகைகளைத் தவறவிட்டாள் என்று சொன்னேன். அது உண்மை. உண்மையைப் பொய்க்குப் பதிலாகப் பாவிக்கலாம் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். போன கிழமை பண்டத்தரிப்பில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் அவளைக் கண்டேன். அங்கேதான் கட்டிப் போயிருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பந்தல் காலடியில் வைத்து, அன்று தோற்றது என்னால்தான் என்று சொன்னேன்.

“விடுங்கோ ரீச்சர், நான்தானே நாலையும் விட்டனான்” என்றாள் உடனேயே. நாலு என்ற எண் அவளுக்கும் நினைவில் இருந்தது.

“இல்லைப் பிள்ளை. அவளைக் கிட்டப் போகச் சொன்னது நான்.”

கையிலிருந்த பலகாரத் தட்டைக் கதிரையில் வைத்தாள். பிறகு, “அப்ப அவள் ஏன் ரீச்சர் எனக்கு ஒருநாளும் அதைச் சொல்லேல்லை?” என்றாள். நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதென்றால் உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இந்த இரண்டு மாதமும் யோசித்தேன். கணக்குத் தெரியாமல் அல்ல. விதி மறந்தும் அல்ல. நீ தனியே நின்றாய். அவ்வளவுதான். அந்த மைதானத்தில் எல்லோரும் ஒரு பக்கம் நிற்க, என் பிள்ளை மட்டும் பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் ஒரு மூலையில் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த விளையாட்டில் ஒருவர் வந்து சேரக்கூடிய ஆகத் திறமான இடம் அதுதான் என்றும், மற்ற நாலு பேரும் பாடுபடுவதே ஒருவரை அப்படித் தனியே நிற்க வைக்கத்தான் என்றும் எனக்கு அப்போது தெரியவில்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் தனியே நிற்கிற பிள்ளை என்றால் கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளை. பதுங்கு குழிக்குள் தலைகளை எண்ணிப் பழகியவளுக்கு, எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிற தலையைக் கண்டால் கூப்பிடத்தான் வாய் வரும். இதை நான் நியாயமாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று உனக்குக் கற்பித்ததும் நான்தான்.

அமெரிக்காவில் அவர்கள் இப்போது இவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு திறமையாக எறிவதற்கு எந்தக் கொப்பியிலும் அகப்படாத ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் அவர்கள் தூர நின்று எறிந்தபோது, தவறவிட்டபோதும்கூட, மைதானத்து ஓரத்தில் ஒரு பெரிய ஆள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அது மிகக் கஷ்டமான வேலை. நான் இப்போதுதான் பழகத் தொடங்குகிறேன்.

கலியாணம் கட்டப் போகிற உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாகப் புத்திமதி இல்லை. அவர் சமைக்கும்போது குசினிக்குள் போய் நிற்காதே, உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தவறிய எறிகைதான், அடுத்தது வரும். நீ களைத்து வருகிற நாளில் அவர் கதைக்காமல் மூலையில் இருந்தால் அதைக் கோபம் என்று எடுக்காதே, முதலில் வழி விடுகிறாரோ என்று பார். அவரை நான் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் நீ கதைக்கும்போது அவர் குறுக்கே வரவில்லை. அதைக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். எறிகைக்கு நல்ல தூரம் அது என்று உன் அப்பா சொல்கிறார். அவருக்கு இப்போது விளையாட்டுப் பாஷை தொற்றிவிட்டது. நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு வருவேன், உங்கள் யன்னல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கேட்க மாட்டேன். கைபேசியை என் கைக்கு மாற்றித் தரும்படி அப்பாவிடம் சொல்ல உனக்கு மனம் வருகிற அன்று, அந்த ஆட்டத்தைப் பற்றி உன் பக்கத்தையும் கேட்க விரும்புகிறேன். அதுவரை பிறக்கிற கன்றுகளுக்கெல்லாம் என் வாழ்த்து.

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை தொடங்கினேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சின்னராசா சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்.

“ரீச்சர், நூல் கட்டி ரெண்டு மாசமாகுது. மழையிலை நூலும் இத்துப்போச்சு. சாவகச்சேரியிலை ஒரு வீட்டு வேலைக்குக் கேக்கினம், பெரிய வேலை. இஞ்சை அத்திவாரம் வெட்டவோ, விடவோ? இண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் மூலையில் சும்மா நின்றார்.

சொன்னேன். சின்னராசா இன்று காலை ஏழு மணிக்குச் சாவகச்சேரியில் வேலையைத் தொடங்கிவிட்டார்.